ஆளைத் தொடாதே, விஷயத்தை விடாதே: அமெரிக்கப் பெண் வாக்காளர் லீக் – ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர். அக்டோபர் மாதம், மாலை 7 மணி. நூலகத்தின் கூட்ட அறையில் ஒரு நீள மேசை, அதன் பின்னால் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கும் 6 பேர். அவர்களில் ஒருவர் சொத்து வரியைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் இருக்கும் ஒரு பெண் மஞ்சள் அட்டையைத் தூக்குகிறார். இன்னும் 15 விநாடி இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து சிவப்பு அட்டை. அவ்வளவுதான், வாக்கியம் பாதியில் நின்றாலும் மைக் அடுத்தவருக்குப் போய்விடும். கூட்டத்தில் யாரும் கை தட்டுவதில்லை. தட்டக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கூட்டத்தை நடத்துவது அரசாங்கமோ கட்சியோ தொலைக்காட்சியோ இல்லை. அந்த ஊரின் ‘லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்’. தமிழில் பெண் வாக்காளர் சங்கம் என்று சொல்லலாம். அங்கே எல்லோரும் சுருக்கமாக ‘லீக்’ என்பதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். தேசிய அமைப்பு ஒன்று, மாநில அமைப்புகள், அவற்றுக்குக் கீழே ஊர்களிலும் கவுண்டி எனப்படும் மாவட்டங்களிலும் நூற்றுக்கணக்கான கிளைகள். கிளைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

லீக்கை முதன்முதலாகக் கேள்விப்படுபவர்கள் குழம்புவது ஒரே இடத்தில்தான். கட்சி சாராத அமைப்பு என்கிறார்கள், ஆனால் நகராட்சித் தீர்மானத்தை எதிர்த்து மனுக் கொடுக்கிறார்கள், சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்க்கிறார்கள், நீதிமன்றத்துக்கும் போகிறார்கள். இதெல்லாம் அரசியல் இல்லையா?

அரசியல்தான். லீக் ஒருநாளும் அதை மறுத்ததில்லை. அது போட்டுக்கொண்ட கோடு வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வேட்பாளரையும் எந்தக் கட்சியையும் ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. பொது விஷயங்களில் நிலைப்பாடு எடுக்கலாம், ஆனால் முறைப்படி படித்து, உறுப்பினர்கள் கூடிப் பேசி, உடன்பாடு கண்ட பிறகுதான். ஆளைத் தொடாதே, விஷயத்தை விடாதே. லீக்கின் நூறாண்டு வரலாற்றை இந்தக் கோட்டை எங்கே போடுவது என்ற சண்டையாகவே படித்துவிடலாம்.

வெற்றிக்கு முன்பே பிறந்த யோசனை

1919 மார்ச் மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் அமெரிக்கப் பெண் வாக்குரிமை இயக்கத்தின் மாநாடு நடந்தது. பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தம் இன்னும் நிறைவேறவில்லை. சில மாநிலங்களில் மட்டும் பெண்கள் ஏற்கெனவே வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாநாட்டில்தான் இயக்கத்தின் தலைவர் கேரி சாப்மன் கேட், வாக்குக் கிடைத்த பெண்களை ஒரு புதிய அமைப்பாகத் திரட்ட வேண்டும் என்றார். மிச்சப் போராட்டத்தை முடிப்பது ஒரு வேலை. புதிதாக வந்த வாக்கைப் பயன்படுத்தப் பழகுவது இன்னொரு வேலை.

1920 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் லீக் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் மாட் வுட் பார்க். அந்தத் தேதியில்கூட நாடு முழுவதற்குமான வாக்குரிமை வந்திருக்கவில்லை. ஆகஸ்ட் 18 அன்று டென்னசி 36ஆவது மாநிலமாக ஒப்புதல் தந்த பிறகுதான் 19ஆவது திருத்தம் நிறைவேறியது. அங்கே கடைசி நேரத்தில் மனம் மாறி ஆதரவாக வாக்களித்தவர் 24 வயது சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன். ஆதரித்து வாக்குப் போடு என்று அம்மா எழுதிய கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது.

தொடக்கத்தில் இதை 5 ஆண்டுச் சோதனை என்றுதான் நினைத்தார்கள். பெண்கள் அரசியலில் பழகிவிட்டால் தனி அமைப்புக்கு வேலை இருக்காது என்பது கணக்கு. கேட் சொன்ன இன்னொரு விஷயம் இன்றும் பலருக்குத் தெரியாது. லீக் கட்சியாகக் கூடாது. ஆனால் லீக்கில் இருக்கும் பெண்கள் தனித்தனியாகக் கட்சிகளில் சேர வேண்டும், முடிவெடுக்கும் உள் அறை வரைக்கும் போக வேண்டும். கட்சி சாராமை சங்கத்துக்குப் போட்ட விதி, உறுப்பினருக்குப் போட்ட விதி கிடையாது. எலினோர் ரூஸ்வெல்ட் இந்த வழியில்தான் வந்தார். 1920களின் தொடக்கத்தில் நியூயார்க் லீக்கில் சட்ட மசோதாக்களைப் படித்து அறிக்கை தயாரித்தார், பிறகு டெமாக்ரடிக் கட்சி வேலைக்குப் போனார்.

கட்சிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1921 ஜனவரியில் நியூயார்க் மாநில லீக் ஆல்பனியில் மாநாடு கூட்டியது. விருந்தினராக வந்த ஆளுநர் நேதன் மில்லர், கட்சிகளுக்கு வெளியே நின்று சட்டம் கேட்கும் இப்படியொரு அமைப்பு நாட்டின் சுதந்திர நிறுவனங்களுக்கே ஆபத்து என்று அழைத்தவர்களின் முகத்துக்கு நேரே பேசினார். கேட் அதே மாநாட்டில் அவருக்குப் பதில் கொடுத்தார். ஆளுநரின் பயத்துக்குக் காரணம் இருந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே மூட்டையாக ஓட்டுப் போடுவார்கள் என்று அன்றைக்கு அரசியல்வாதிகள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை இருந்தவரை லீக்குக்கு நல்ல காலம். தாய்-சேய் நலத்துக்கு மத்திய அரசு பணம் தரும் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் 1921 நவம்பரில் நிறைவேறியது. வெளிநாட்டவரை மணந்தால் பெண்ணின் குடியுரிமை போய்விடும் என்ற நிலையைப் பெருமளவு மாற்றிய கேபிள் சட்டம் 1922இல் வந்தது. சில தேர்தல்கள் கடந்தன. பெண்களும் ஆண்களைப் போலவே பல பக்கமும் பிரிந்து வாக்களிக்கிறார்கள் என்பது தெரிந்துபோயிற்று. பயம் விட்டது. டாக்டர்கள் சங்கத்தின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, 1929இல் ஷெப்பர்ட்-டவுனர் திட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் காலாவதியாக விட்டுவிட்டது.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது 1917இல், அதாவது லீக்குக்கு 3 ஆண்டு முன்னால். சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானித்தது 1921இல். சொத்துத் தகுதி வைத்த வாக்குதான், அதனால் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனாலும் வாக்குக் கிடைத்த பிறகு பெண்கள் என்ன செய்வது என்ற கேள்வி இரண்டு ஊர்களிலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் எழுந்தது.

கிளைதான் மரம்

முதல் கால் நூற்றாண்டு லீக் என்பது மாநில அமைப்புகளின் கூட்டமைப்பு. 1944இல் அதைத் தலைகீழாக்கினார்கள். அதன் பிறகு ஒருவர் தன் ஊர்க் கிளையில் சேர்ந்தால் போதும், மாநில லீக்கிலும் தேசிய லீக்கிலும் தானாகவே உறுப்பினர். 1946இல் பெயரும் அதற்கேற்ப மாறியது. காகிதத்தில் இது நிர்வாக மாற்றம். நடைமுறையில், இனி தேசிய லீக் எதைச் சொன்னாலும் அதைக் கிளைகளில் உட்கார்ந்து பேசிய பெண்களிடமிருந்து வாங்கித்தான் சொல்ல முடியும்.

அந்தக் காலத்தில் புதிய ஊரில் கிளை தொடங்க விரும்பியவர்களுக்கு முதலில் ஒரு வீட்டுப்பாடம் இருந்தது: ‘உங்கள் ஊரை அறியுங்கள்’. நகராட்சிப் பட்ஜெட் எவ்வளவு, அதில் சாலைக்கு எவ்வளவு, குப்பையை யார் எடுக்கிறார்கள், கழிவுநீர் எங்கே போய் விழுகிறது, திட்டக் குழுவில் யார் யார், அவர்களை நியமித்தது யார், கூட்டம் எந்தக் கிழமை. இத்தனையையும் அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேட்டு, தட்டச்சு செய்து சிறு கையேடாக்க வேண்டும். பல ஊர்களில் நகராட்சியைப் பற்றி மக்கள் கையில் கிடைத்த முதல் எளிய புத்தகம் இதுதான். கேள்வி கேட்கப் போன பெண்ணுக்கு ஒரு லாபமும் இருந்தது. அடுத்த முறை அந்த அலுவலகத்துக்குள் நுழையும்போது எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கூட்டங்கள் வீட்டு முன்னறைகளில் நடந்தன. பத்துப் பதினைந்து பேர் கூடும் இந்தச் சிறு குழுவுக்கு ‘யூனிட்’ என்று பெயர். காலையில் ஒன்று, வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் ஒன்று. குழந்தைகளைப் பக்கத்து அறையில் ஒருவர் பார்த்துக்கொள்வார்.

நிலைப்பாடு எப்படிப் பிறக்கிறது

லீக்கின் மற்ற வேலைகளை யாரும் பார்த்துக் கற்றுக்கொண்டுவிடலாம். இது மட்டும் அதன் தனிச்சொத்து, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஊரில் ஒரு பிரச்சினை. குடிநீர் என்று வைத்துக்கொள்வோம். லீக் உடனே அறிக்கை விடாது. குளிர்காலத்தில் உறுப்பினர்கள் அடுத்த ஆண்டு எதைப் படிக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். வசந்த காலத்தில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுத்து ஒன்றோ இரண்டோ விஷயங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தக் கட்டத்தில் மட்டும்தான் எண்ணிக்கை பேசும். விஷயத்தோடு அதன் எல்லையையும் அப்போதே எழுதிவிட வேண்டும். ‘குடிநீர்’ என்று மட்டும் எழுதினால் ஆய்வு 3 ஆண்டு ஆனாலும் முடியாது. ‘நம் ஊர்க் குடிநீர்க் கட்டணத்தை யார், எந்த அடிப்படையில் நிர்ணயிக்கிறார்கள்’ என்று எழுதினால் ஓர் ஆண்டில் முடித்துவிடலாம்.

பிறகு ஆய்வுக் குழு. அதிகாரிகளைச் சந்திப்பது, பதிவேடுகளைப் படிப்பது, சுத்திகரிப்பு நிலையத்தையே போய்ப் பார்ப்பது. கடைசியில் ஆதரவு வாதம், எதிர் வாதம் இரண்டையும் ஏறக்குறைய சம நீளத்தில் எழுதி எல்லா உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். அதோடு ஒரு கேள்வித்தாள்.

யூனிட் கூட்டத்தில் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். ஒருவர் நடத்துவார், இன்னொருவர் குறிப்பெடுப்பார். கை தூக்கி எண்ணுவது கிடையாது. யார் எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தமாக, என்ன காரணத்தோடு, எதில் தயங்குகிறார்கள் என்பதைப் பதிவு செய்வார்கள். எல்லா யூனிட்களின் குறிப்புகளையும் கிளையின் நிர்வாக வாரியம் ஒன்றாக வைத்துப் படித்து, பெரும் உடன்பாடு உள்ள பகுதியை மட்டும் நிலைப்பாடாக எழுதும். உடன்பாடு இல்லாத கேள்வி அப்படியே விடப்படும். வேறொரு கிளை ஏற்கெனவே எழுதிய நிலைப்பாட்டை எடுத்து, ஏற்கிறோமா இல்லையா என்று மட்டும் உறுப்பினர்களிடம் கேட்கும் குறுக்கு வழியும் உண்டு.

எல்லாம் முடிந்த பிறகே வாய் திறக்கலாம். அப்போதும் லீக்கின் பெயரில் பேசுவது தலைவர், அல்லது அவர் நியமித்தவர். மற்ற உறுப்பினர் நகர்மன்றத்தில் எழுந்து பேசலாம், ஆனால் தன் பெயரில்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் பழகியவையே. கேள்வியிலேயே பதிலை வைத்துவிடுவது முதல் தவறு. ‘குழந்தைகளின் நலனுக்காகக் குழாய்களை மாற்ற வேண்டுமா?’ என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? ‘குழாய் மாற்றத்துக்கான செலவை எப்படித் திரட்டலாம்: கட்டணம், வரி, கடன் பத்திரம்?’ என்று கேட்டால்தான் பேச்சு வரும். ஓர் ஆண்டு உழைத்த ஆய்வுக் குழுவினர் தங்கள் முடிவை மற்றவர்கள் மேல் ஏற்றுவது அடுத்தது. அதனால்தான் யூனிட் கூட்டத்தை நடத்துபவராக அவர்களைப் போடாமல், சந்தேகத்துக்குப் பதில் சொல்ல மட்டும் உட்கார வைப்பது நல்ல வழக்கம். குரல் பெரிதாக உள்ள இருவர் பேசியதையே குறிப்பெடுப்பவர் ‘யூனிட்டின் கருத்து’ என்று எழுதிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இந்த வேகத்தில் போனால் பல நேரம் பஸ் போய்விடும். நவம்பரில் பள்ளிக் கட்டடத்துக்கான கடன் பத்திரம் வாக்கெடுப்புக்கு வருகிறது, ஆனால் அதைப் பற்றி நிலைப்பாடு எதுவும் கையில் இல்லை என்றால், உறுப்பினர் அத்தனை பேரும் ஆதரவாக இருந்தாலும் கிளை ஆதரவு சொல்ல முடியாது. இரு பக்க வாதத்தையும் விளக்கி ஒரு தாள் அச்சடிக்கலாம், அதோடு சரி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கோழைத்தனமாகத் தெரியும். ஆனால் நிலைப்பாடு இல்லாமல் ஒரு முறை பேசிவிட்ட கிளைக்கு, அடுத்த முறை ‘இதில் நாங்கள் பேச முடியாது’ என்று சொல்லும் வசதி போய்விடுகிறது.

மெதுவாகப் போனதால் பலன் கிடைத்ததற்கும் உதாரணம் உண்டு. 1956இல் தேசிய லீக் நீர்வளத்தைப் படிப்புக்கு எடுத்தது. ஈரி ஏரிக் கரையில் இருந்த கிளைகளுக்கு ஒரு சிக்கல். ஏரி பல மாநிலங்களைத் தொடுகிறது, ஓர் ஊர்க் கிளை தனியாகப் பேசினால் யார் கேட்பார்கள்? 1963இல் ஏரிப் படுகைக்கென்றே கூட்டுக் குழு அமைத்தார்கள். ஈரி ஏரியில் போய் விழும் கயஹோகா ஆறு கிளீவ்லாந்தில் தீப்பிடித்தது 1969 ஜூனில், பிறகு அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. எண்ணெயும் கழிவும் மிதந்த ஆறு, தண்ணீரே எரிந்தது. அந்தப் புகை தெரிந்தபோது லீக் பெண்கள் 6 ஆண்டாக அந்தத் தண்ணீரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். தூய நீர்ச் சட்டம் 1972இல் வந்தது.

பேசாமல் உட்கார்ந்திருக்கும் வேலை

லீக்கில் புதிதாகச் சேருபவருக்குப் பொருத்தமான முதல் வேலை பார்வையாளர் வேலை. நகர்மன்றம், பள்ளி வாரியம், திட்டக் குழு எதுவானாலும் பொதுக் கூட்டத்துக்குப் போய், லீக்கின் அடையாள அட்டையோடு உட்கார்ந்து, வாய் திறக்காமல் குறிப்பெடுக்க வேண்டும். அறிக்கையில் எழுத வேண்டியவை: கூட்டம் அறிவித்த நேரத்தில் தொடங்கியதா, நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே கிடைத்ததா, உறுப்பினர்கள் கோப்பைப் படித்துவிட்டு வந்தார்களா, பொதுமக்கள் பேச எவ்வளவு நேரம், மூடிய அறைக்குள் போனார்கள் என்றால் என்ன காரணம் சொன்னார்கள். ‘உறுப்பினர் எரிச்சலாகப் பேசினார்’ என்று எழுதினால் அது கருத்து. ‘உறுப்பினர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போனார்’ என்று எழுதினால் தகவல். பழகியவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஓர் ஆள் தொடர்ந்து வருகிறார் என்று தெரிந்தாலே கூட்டம் கொஞ்சம் ஒழுங்காக நடக்கும்.

வேட்பாளர் மேடை: கணக்கும் கைவேலையும்

தொடக்கத்தில் பார்த்த கூட்டத்துக்குத் திரும்புவோம். லீக்கை ஊர் அறிவது இதன் மூலம்தான். பெயர் கெடுவதும் இதில்தான்.

6 வேட்பாளர்கள், 90 நிமிடம் என்று வைப்போம். வரவேற்புக்கும் விதிகளைச் சொல்லவும் 7 நிமிடம். தொடக்க உரை ஆளுக்கு 2 நிமிடம் வீதம் 12, முடிவுரை ஆளுக்கு 1 நிமிடம் வீதம் 6. மீதி 65. ஒரு கேள்விக்கு ஆளுக்கு 1 நிமிடம், கேள்வியைப் படிக்கவும் மைக் கைமாறவும் இன்னொரு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 7. ஆக 9 கேள்விக்கு மேல் தேறாது. 20 கேள்வியோடு போய் உட்காருபவர்கள் கடைசியில் முடிவுரையை வெட்டுகிறார்கள், அதில்தான் சண்டை வருகிறது.

பதில் சொல்லும் வரிசை ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இடம் நகர வேண்டும். முதல் கேள்விக்கு 1ஆம் நாற்காலி தொடங்கினால் அடுத்ததற்கு 2ஆம் நாற்காலி. எப்போதும் கடைசியில் பேசுபவருக்கு மற்ற ஐவரின் பதிலையும் கேட்டுவிட்டுப் பேசும் வசதி கிடைக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. நாற்காலி வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம்.

நடத்துபவர் அந்தத் தொகுதியில் வாக்கு இல்லாதவராக இருக்க வேண்டும். பக்கத்து ஊர்க் கிளையிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள், பதிலுக்கு இவர்கள் அங்கே போய் நடத்திக் கொடுப்பார்கள். பார்வையாளர்கள் கேள்வியைச் சிறு அட்டையில் எழுதித் தருவார்கள். இரண்டு மூன்று பேர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து அட்டைகளைப் பிரிப்பார்கள். ஒரே கேள்வி 5 அட்டையில் வந்தால் ஒன்றாக்குவார்கள். ஒரு வேட்பாளரை மட்டும் குறிவைத்த கேள்வியை ஒதுக்குவார்கள், அல்லது எல்லோருக்கும் பொருந்தும்படி திருத்துவார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே அரசியல் சாய்வு உள்ளவர்களாக இருந்தால் எவ்வளவு நேர்மையாகப் பிரித்தாலும் பயனில்லை. ஒதுக்கப்பட்ட கேள்வியை எழுதியவர் மறுநாள் ஊரெல்லாம் சொல்வார்.

அரங்கத்துக்குள் கட்சிச் சட்டை, பேட்ஜ், துண்டறிக்கை எதுவும் கூடாது. வாசலில் ஒரு மேசை போட்டு அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது காலி நாற்காலி. இருவர் மட்டும் போட்டியிடுகிறார்கள், ஒருவர் வர மறுத்துவிட்டார். வந்தவரை வைத்து நடத்தினால் அது அவருக்கான இலவசப் பிரசாரக் கூட்டம் ஆகிவிடும். வரிவிலக்குப் பெற்ற அமைப்புக்கு அது சட்டச் சிக்கல். ரத்து செய்தால், வர மறுப்பவர் கையில் எதிராளியின் மேடையையும் பறிக்கும் அதிகாரம் போய்ச் சேரும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. இருவரில் ஒருவர் வராவிட்டால் ரத்து, மூவரில் இருவர் வந்தால் நடத்துவோம் என்பது போன்ற விதியை அழைப்புக் கடிதத்திலேயே எழுதி, எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுவதுதான் கிளைகள் கண்ட வழி. யார் வருவார் என்று தெரிந்த பிறகு எழுதும் விதியை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

வாக்காளர் கையேட்டிலும் இதே கண்டிப்பு. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே சொல் அளவு, ஒரே கடைசித் தேதி. வந்த பதிலை எழுத்துப்பிழை உட்பட அப்படியே அச்சிட வேண்டும். ஒருவருடைய பிழையைத் திருத்திவிட்டு இன்னொருவருடையதை விட்டால் தீர்ந்தது கதை. சொல் அளவு தாண்டினால் தாண்டிய இடத்தில் வெட்டு. பதில் வராதவர் பெயருக்குக் கீழே ‘பதில் வரவில்லை’ என்று மட்டும் போடுவார்கள். இன்று இந்தக் கையேடு பெரும்பாலும் இணையத்தில்தான், 2006இல் லீக் தொடங்கிய ‘வோட்411’ தளத்தில்.

நூலகத்திலிருந்து வெள்ளை மாளிகை வரை

இதே கைவேலையை லீக் அதிபர் தேர்தலுக்கும் கொண்டுபோனது. வேட்பாளர்கள் எல்லோருக்கும் சம நேரம் தர வேண்டும் என்ற ஒளிபரப்பு விதியால் தொலைக்காட்சி நிறுவனங்கள் தாமே விவாதம் நடத்தத் தயங்கின. வெளி அமைப்பு நடத்தும் விவாதத்தைச் செய்தியாகக் காட்டலாம் என்று 1975இல் விளக்கம் வந்தது. 1976இல் அதிபர் வேட்பாளர்கள் ஃபோர்டும் கார்ட்டரும் மோதிய விவாதத்தை லீக் நடத்தியது. ஃபிலடெல்ஃபியாவில் முதல் விவாதம் முடியும் தறுவாயில் ஒலி அறுந்து 27 நிமிடம் வரவில்லை. உலகமே பார்க்க, இரு தலைவர்களும் அவரவர் மேடைக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

1980இல் காலி நாற்காலிப் பிரச்சினையே பெரிய அளவில் வந்தது. கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் பெற்றவருக்கு இடம் என்று லீக் விதி வைத்தது. அதன்படி சுயேச்சை ஜான் ஆண்டர்சனையும் அழைத்தது. கார்ட்டர் வர மறுத்தார். பால்டிமோரில் ரேகனும் ஆண்டர்சனும் மட்டும் பேசினார்கள். அடுத்த மாதம் ஆண்டர்சனின் ஆதரவு இறங்க, அக்டோபர் 28 அன்று கிளீவ்லாந்தில் கார்ட்டரும் ரேகனும் நேருக்கு நேர் நின்றார்கள். விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தும் அந்த மாதம் முழுக்க எல்லாப் பக்கத்திலிருந்தும் திட்டு விழுந்தது.

1988இல் கோடு அறுந்தது. புஷ், டுகாகிஸ் இருவரின் பிரசாரக் குழுக்களும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்து லீக்கிடம் நீட்டின. கேள்வி கேட்பவர்களை யார் தேர்ந்தெடுப்பது, அரங்கில் யார் உட்காருவது என்பது வரை அதில் இருந்தது. அக்டோபர் 3 அன்று லீக் தலைவர் நான்சி நியூமன், இது வாக்காளர்களை ஏமாற்றும் வேலை, இதற்கு நாங்கள் துணை போக மாட்டோம் என்று அறிவித்து விலகினார். இரு பெரிய கட்சிகளும் முந்தைய ஆண்டே உருவாக்கி வைத்திருந்த ஆணையம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதிபர் விவாதத்தை லீக் திரும்ப நடத்தவே இல்லை. விலகியது சரி என்றே படுகிறது. அட்டைகளைப் பிரிக்கும் வேலை வேட்பாளரின் ஆளிடம் போய்விட்டால் மேடையை நடத்துபவருக்கு நாற்காலி போடும் வேலைதான் மிச்சம்.

யார் உள்ளே, யார் வெளியே

கட்சி சாராமை என்பது அநீதியின் முன்னால் சும்மா இருப்பதற்கும் சாக்காக முடியும். லீக்கின் வரலாற்றில் அது நடந்திருக்கிறது. 1920க்குப் பிறகும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களை எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, மிரட்டல் என்று பல வழிகளில் பட்டியலுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். வாக்காளர் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட அமைப்பு இதில் நீண்ட காலம் முன்னணியில் நிற்கவில்லை. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் வெள்ளை இன நடுத்தர வர்க்கத்துப் பெண்கள், தெற்கில் பல கிளைகளில் அவர்கள் மட்டுமே. பெரும் உடன்பாடு வேண்டும் என்ற முறையே இங்கே எதிராக வேலை செய்தது. உள்ளே இல்லாதவரின் வலி யூனிட் குறிப்பில் ஏறாது. 2018இல் லீக்கின் தேசியத் தலைமை தன் தொடக்கக் கால இனப் பாகுபாட்டை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதியது.

ஆண்களை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1970களின் முதல் பாதியில்தான். பெயரில் ‘பெண்’ அப்படியே இருக்கிறது. உறுப்பினர் தொகை 1969 வாக்கில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி உச்சத்தில் இருந்தது, அடுத்த கால் நூற்றாண்டில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பகலில் வீட்டிலிருந்து ஓராண்டு ஆய்வு செய்த படித்த பெண்கள் அலுவலகம் போகத் தொடங்கியது முக்கியக் காரணம்.

படிவமும் அபராதமும்

அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பெரும்பாலும் அவரவர் பொறுப்பு. பல மாநிலங்களில் தேர்தலுக்குச் சில வாரம் முன்பே பதிவு முடிந்துவிடும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்திலேயே பதிவு செய்யலாம் என்ற 1993 சட்டத்துக்காக லீக் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அதற்குப் பிறகும் கல்லூரி வாசலிலும் சந்தையிலும் மேசை போட்டுப் பதிவு செய்யும் வேலை ஓயவில்லை.

அந்த மேசையில் உட்காருபவர் கட்சி பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. படிவத்தில் எந்தக் கட்சியைக் குறித்தால் நல்லது என்று கேட்டால், படிவத்தில் உள்ளதைப் படித்துக் காட்டலாம், அதற்கு மேல் இல்லை. படிவம் திரும்பி வருவதற்கான காரணங்கள் சின்னச் சின்னவை: கையெழுத்து விட்டுப்போவது, குடிமகன்தானா என்ற கட்டத்தில் குறி போடாதது, வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் எழுதுவது. அவர் எழுந்து போவதற்குள் இந்த மூன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பூர்த்தியான படிவத்தைப் பையில் வைத்து மறந்துவிட்டால் ஒருவரின் வாக்கே போகும், அதனால் அதை அலுவலகத்தில் சேர்க்கக் கெடு விதிப்பது நியாயம். எவ்வளவு கெடு என்பதில்தான் வம்பு. 2011இல் ஃபுளோரிடா மாநிலம் 10 நாள் கெடுவை 48 மணி நேரமாகச் சுருக்கியது. தாமதமான படிவம் ஒவ்வொன்றுக்கும் 50 டாலர் அபராதம், உச்ச வரம்பு 1,000 டாலர். வெள்ளிக்கிழமை மாலை வாங்கிய படிவத்தை வைத்துக்கொண்டு தன்னார்வலர் வார இறுதியில் எங்கே போவார்? ஃபுளோரிடா லீக் பதிவு வேலையையே நிறுத்திவைத்துவிட்டு வழக்குப் போட்டது. 2012 மே மாதம் மத்திய நீதிமன்றம் அந்த 48 மணி நேர விதிக்குத் தடை விதித்தது, மேசைகள் திரும்ப வந்தன.

குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் விழாக்களிலும் 2025 வரை பல ஊர்க் கிளைகள் மேசை போட்டுவந்தன. சான்றிதழும் சின்னக் கொடியுமாக வெளியே வந்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு மேசைக்காரர் முதலில் கேட்டது ஒரு கேள்வி: ‘சான்றிதழில் உள்ள பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா?’ அப்பா பெயரை முதலில் எழுதுவதா கடைசியில் எழுதுவதா என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதிப் பழகிய நமக்கு, படிவம் திரும்பி வர நான்காவதாக ஒரு காரணமும் இருக்கிறது.